பேருந்தின் முதுகில் ஏ++: ஒரு படிப்பின் தரத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

ஜூன் மாதம் கோயம்புத்தூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் வண்டியில் போனால், முன்னால் போகிற கல்லூரிப் பேருந்தின் முதுகைப் படித்துக்கொண்டேதான் போக வேண்டியிருக்கும். கல்லூரியின் பெயர், அதற்குக் கீழே 'நாக் ஏ++', 'என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது', 'தன்னாட்சி' என்று மூன்று வரிகள். இரண்டு வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டு அண்ணன் தன் மகளுக்குக் கல்லூரி தேடிக்கொண்டிருந்தார். இந்த மூன்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு வந்து, "தம்பி, நீ காலேஜ்ல வாத்தியாரா இருந்தவன்தானே, இதுல எதைப் பார்த்துச் சேர்க்கணும்?" என்று கேட்டார். பதில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரமும் இரண்டு காபியும் ஆனது.

ஓட்டலை வைத்துத்தான் ஆரம்பித்தேன். ஓட்டல் மொத்தமும் எப்படி இருக்கிறது, சமையலறை, கைகழுவும் இடம், கணக்குவழக்கு, முதலாளி ஆட்களை எப்படி நடத்துகிறார் என்று பார்த்து மதிப்பெண் போடுவது 'நாக்'. அந்த ஓட்டலில் சாம்பார் எப்படி, பரோட்டா எப்படி என்று ஒவ்வொரு பண்டமாகப் பார்ப்பது 'என்.பி.ஏ.'. தன்னாட்சி என்பது தரத்துக்கான மதிப்பெண்ணே இல்லை. பல்கலைக்கழகம் என்கிற தலைமைச் சமையலகத்திலிருந்து வரும் செய்முறைதான் என்றில்லாமல், தானே எழுதிச் சமைத்துக்கொள்ளலாம் என்று கிடைத்த உரிமை. மூன்றையும் ஒரே பலகையில் போடுவதால் மூன்றும் ஒரே மாதிரியான பதக்கங்கள் போலத் தெரிகின்றன.

கொஞ்சம் வரலாறு சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் பல்கலைக்கழகம் என்றாலே தரம் இருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கல்லூரிகள் பெருகப் பெருக அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, தரத்தை மதிப்பிடத் தனி அமைப்பு வேண்டும் என்றது. அதன் தொடர்ச்சியாக 1994இல் பல்கலைக்கழக மானியக் குழு, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்று அவையை அமைத்தது. அதைத்தான் 'நாக்' என்கிறோம். அதே 1994இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. தன் பங்குக்கு தேசிய அங்கீகார வாரியத்தை, அதாவது என்.பி.ஏ.வைத் தொடங்கியது. 2010இல் அது தனித்து இயங்கும் அமைப்பானது. பொறியியல் பட்டங்களை ஒரு நாடு இன்னொரு நாட்டில் மதிக்க வேண்டும் என்பதற்காக 1989இல் ஆறு நாடுகள் செய்துகொண்ட வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் இந்தியா முழு உறுப்பினரானது. அங்கே இந்தியாவின் சார்பில் உட்காருவது என்.பி.ஏ.தான். கல்லூரிகள் பலகையில் போடாத ஒரு விஷயம் உண்டு. அந்த உடன்படிக்கையின் பலன் என்.பி.ஏ.வின் முதல் அடுக்கில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டும்தான். முதல் அடுக்கு பல்கலைக்கழகங்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் உரியது. பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையே நடத்தும் இணைப்புக் கல்லூரிகள் வருவது இரண்டாம் அடுக்கில்.

சரி, வெளியிலிருந்து வருகிறவர்கள் யார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை வந்து இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுப் போகிறவர்கள். மீதி நாட்களில் தரத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

படிப்பு வேறு, பாடம் வேறு

பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பது ஒரு படிப்பு. அதற்குள் நான்கு வருடத்தில் வரும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ், கணிதம் எல்லாம் பாடங்கள். ஒவ்வொரு பாடத்தையும் ஒரு நல்ல ஆசிரியர் நடத்தினால் படிப்பும் தன்னால் நன்றாகிவிடும் என்று தோன்றும். அப்படி ஆவதில்லை. கணித ஆசிரியர் மூன்றாவது செமஸ்டரில் சொல்லித்தரும் நிகழ்தகவு, ஐந்தாவது செமஸ்டரில் மெஷின் லேர்னிங் நடத்துகிறவருக்குத் தேவைப்படும். அவர்கள் இருவரும் ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு ஒருமுறைகூடப் பேசாமல் ஓய்வு பெற்றுவிட வாய்ப்புண்டு. பாடத்துக்கு ஆசிரியர் பொறுப்பு. பாடங்களுக்கு இடையில் இருக்கும் இடைவெளிக்கு யார் பொறுப்பு? துறைத் தலைவர், டீன், பாடத்திட்டக் குழு என்கிற ஏற்பாடெல்லாம் இந்த இடைவெளிக்காகத்தான் இருக்கிறது.

முன்பெல்லாம் தரம் என்றால் எத்தனை கட்டடம், நூலகத்தில் எத்தனை புத்தகம், எத்தனை ஆசிரியருக்குப் பிஎச்.டி. இருக்கிறது என்று எண்ணுவார்கள். அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்பது மாதிரி. இன்றைக்கும் அதைக் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். அதற்கு மேல் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: படித்து வெளியே போகிற மாணவருக்கு என்ன செய்யத் தெரியும்? இதைத்தான் 'அவுட்கம் பேஸ்டு எஜுகேஷன்' என்கிறார்கள். தமிழில் விளைவுசார் கல்வி என்று எழுதுகிறோம். ஸ்டாஃப் ரூமில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, அங்கே அது 'ஓ.பி.இ.'தான்.

இதில் இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும். ஒரு பாடம் முடியும்போது மாணவரால் என்ன முடியும் என்று எழுதி வைப்பது சி.ஓ., அதாவது 'கோர்ஸ் அவுட்கம்'. ஒரு பாடத்துக்கு ஐந்தாறு இருக்கும். படிப்பு முழுக்க முடியும்போது பட்டதாரியால் என்ன முடியும் என்பது பி.ஓ., 'புரோகிராம் அவுட்கம்'. இதை என்.பி.ஏ. எல்லாப் பொறியியல் கல்லூரிகளுக்கும் பொதுவாகக் கொடுத்திருக்கிறது. பொறியியல் அறிவு, சிக்கலை அலசுவது, தீர்வை வடிவமைப்பது, குழுவாக வேலை செய்வது, எழுத்திலும் பேச்சிலும் தெளிவாகச் சொல்வது, தொழில்நெறி என்று அது போகும். நெடுநாள் பன்னிரண்டாக இருந்தது, இப்போதைய வடிவத்தில் பதினொன்று.

ஒரே ஒரு கேள்வி

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தை எடுத்துக்கொள்வோம். கணினியில் தகவலை அடுக்கி வைக்கும் முறைகளைச் சொல்லித்தரும் பாடம் அது. கடைசியில் வைத்ததை முதலில் எடுப்பது ஸ்டாக், முதலில் வைத்ததை முதலில் எடுப்பது கியூ, கிளை கிளையாகப் பிரித்து வைப்பது மரம். மூன்றாவது சி.ஓ. இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: 'கொடுக்கப்பட்ட சிக்கலுக்கு ஸ்டாக், கியூ, மரம் ஆகியவற்றில் எது பொருந்தும் என்று தேர்ந்தெடுத்துக் காரணம் சொல்வார்.' இந்த வாக்கியத்தில் வேலை செய்வது வினைச்சொல்தான். 'தெரிந்துகொள்வார்', 'புரிந்துகொள்வார்' என்று எழுதினால் அதை அளக்க வழியில்லை. 'தேர்ந்தெடுப்பார்', 'காரணம் சொல்வார்' என்றால் தேர்வில் கேட்டுப் பார்த்துவிடலாம். 1956இல் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் குழுவினர் வகுத்து, 2001இல் திருத்தப்பட்ட ஆறு படிகள் இங்கேதான் உதவுகின்றன. நினைவில் வைத்தல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல். நம் கேள்வித்தாள்களில் பாதிக்கு மேல் முதல் இரண்டு படிகளிலேயே உட்கார்ந்திருக்கும். ஏறிப் போகப் பயம், மாணவர்களுக்கும் நமக்கும்.

இன்டர்னல் தேர்வில் இந்த சி.ஓ.வுக்கு என்று 13 மதிப்பெண்ணில் ஒரு கேள்வி வைக்கிறோம். "ஸ்டாக் என்றால் என்ன? படத்துடன் விளக்குக" என்று கேட்டால் அது இந்த சி.ஓ.வை அளக்காது, மனப்பாடத்தைத்தான் அளக்கும். "ஒரு பிரவுசரில் 'பின்னால் போ' பட்டனை நீங்கள் எழுத வேண்டும். எந்த அமைப்பை எடுப்பீர்கள், ஏன்? கியூவை எடுத்தால் என்ன கெடும்?" என்று கேட்டால் அளக்கும்.

வகுப்பில் 60 பேர். 13இல் அறுபது சதவீதம் என்றால் 7.8, அதாவது 8 மதிப்பெண் எடுத்தவர் இதை எட்டிவிட்டார் என்று துறையில் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம். இன்னொன்றும் பேசி வைத்திருக்கிறோம்: 60 சதவீத மாணவர் எட்டினால் நிலை 1, 70 சதவீதம் என்றால் நிலை 2, 80 சதவீதம் என்றால் நிலை 3. இந்த எண்களைக் கல்லூரியே வைத்துக்கொள்ளலாம், ஆனால் தேர்வுக்கு முன்னால் வைக்க வேண்டும். தாள் திருத்திய பிறகு வைத்தால் அதற்கு வேறு பெயர். திருத்திப் பார்த்ததில் 39 பேர் 8 அல்லது அதற்கு மேல் எடுத்திருக்கிறார்கள். 60இல் 39, அதாவது 65 சதவீதம். நிலை 1. நாம் இலக்காக வைத்திருந்தது 2.

இதேபோல ஒவ்வொரு சி.ஓ.வுக்கும், ஒவ்வொரு பாடத்துக்கும் கணக்குப் போட்டு, பல்கலைக்கழகத் தேர்வு முடிவுகளையும் சேர்த்து, எந்த சி.ஓ. எந்த பி.ஓ.வுக்கு எவ்வளவு உதவுகிறது என்று 1, 2, 3 எண்களால் நிரப்பிய அட்டவணை வழியாகக் கொண்டுபோனால், நான்கு வருடப் படிப்பு முழுவதற்கும் ஓர் எண் வந்து நிற்கும். மாணவர், பழைய மாணவர், வேலை கொடுக்கும் நிறுவனங்கள் ஆகியோரிடம் வாங்கும் கருத்துக்கும் அதில் சின்னப் பங்கு உண்டு. இதைத்தான் 'அட்டெய்ன்மென்ட்' என்று சொல்லிக்கொண்டு செமஸ்டர் கடைசியில் ஆசிரியர்கள் எக்ஸெல்லில் முட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கணக்கின் விவரம் இன்னும் நீளும். கல்லூரிக்கு வெளியே இருப்பவர்களுக்கு அது வேண்டியதில்லை, உள்ளே இருப்பவர்களுக்குச் சலித்துப்போயிருக்கும்.

65 சதவீதம் வந்துவிட்டது, அப்புறம்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டில் அமெரிக்க நிபுணர்கள் ஷூஹார்ட், டெமிங் ஆகியோர் வழியாக வந்த ஒரு சுழற்சி உண்டு: திட்டமிடு, செய், சரிபார், திருத்து. கல்லூரிகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. மாணவர்கள் உதிரிபாகங்கள் இல்லை என்று சிலர் இதற்குக் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் சுழற்சி நல்ல சுழற்சிதான். முதல் மூன்றை எல்லாக் கல்லூரியும் செய்துவிடும். நான்காவது வரும்போது செமஸ்டர் விடுமுறை வந்துவிடும்.

நிலை 1 என்று தெரிந்ததும் துறைக் கூட்டத்தில் முதலில் வரும் வாக்கியம் "இந்த பேட்ச் கொஞ்சம் சுமார் சார்" என்பதாகத்தான் இருக்கும். அடுத்தது "கொஸ்டின் டஃப்". இரண்டும் உண்மையாகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ள ஒரே வழி, எட்டாத அந்த 21 பேரின் விடைத்தாளை எடுத்து மேசையில் பரப்பிப் பார்ப்பது. பார்த்தால் மூன்று விதமான கதைகளில் ஒன்று தெரியவரும்.

ஸ்டாக்கின் இலக்கணத்தை அழகாக எழுதி, படமும் போட்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதாமல் விட்டிருப்பார்கள். அப்படியென்றால் வகுப்பில் நோட்ஸ் சொல்லித்தான் எழுத வைத்திருக்கிறோம், யோசிக்க வைக்கவில்லை. இது ஆசிரியரே அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளக் கூடியது.

அல்லது எதை எடுப்பது என்று சரியாகச் சொல்லி, நிரலில் பாயின்டர் வந்த இடத்தில் தடுமாறியிருப்பார்கள். அப்படியானால் கோளாறு முந்தைய செமஸ்டரின் 'சி' நிரல்மொழிப் பாடத்தில். அதை நடத்தியவர் வேறொருவர், சில கல்லூரிகளில் வேறு துறை. இதை டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஆசிரியரால் தனியாகச் சரிசெய்ய முடியாது. துறைத் தலைவர் போய் இன்னொரு துறைத் தலைவரிடம் பேச வேண்டும். அதுவும் அவர் மனம் புண்படாமல்.

மூன்றாவது கதை, பாடத்திட்டத்திலேயே வரிசை தப்பாக இருப்பது. மரம் பற்றிய அலகு கடைசியில் வருகிறது, அதை வைத்துச் செய்ய வேண்டிய ஆய்வகப் பயிற்சி நடுவிலேயே வந்துவிடுகிறது. இதை மாற்றப் பாடத்திட்டக் குழு கூட வேண்டும், அதற்கு மேல் கல்விக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் இவை இரண்டும் கல்லூரிக்குள்ளேயே இருக்கின்றன. சென்னை லயோலா, தாம்பரம் கிறித்துவக் கல்லூரி போன்றவை 1978இலேயே இந்த உரிமையைப் பெற்றவை. இணைப்புக் கல்லூரி என்றால் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துடையது. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு ஒரே பாடத்திட்டம் வைத்திருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தில், ஒரு கல்லூரியின் 21 பேருக்காக எதுவும் மாறிவிடாது. அந்தக் கல்லூரியால் கூடுதல் வகுப்பு வைக்க முடியும், பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ளதைச் சேர்த்து நடத்த முடியும். அவ்வளவுதான்.

ஒரே எண், மூன்று விதமான காரணம், சரிசெய்யும் அதிகாரம் மூன்று வெவ்வேறு இடத்தில். எந்தக் கதை என்று கண்டுபிடித்து, உரிய இடத்துக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்து, அடுத்த வருடம் அதே கேள்வியை மறுபடி கேட்டுப் பார்ப்பதுதான் ஒரு படிப்பின் தரத்தைக் காப்பது. அதைச் செய்ய வைப்பது கல்வித் தலைமை. இலக்கணம் இவ்வளவுதான். செய்வதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

ஹெச்.ஓ.டி. என்கிற ஆள்

தலைமை என்றதும் துணைவேந்தர்தான் நினைவுக்கு வருவார். அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலும் அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டிலும் துணைவேந்தர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரை நியமிப்பதில் ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையே நடந்த இழுபறியில் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் காலத்தில் ஒருங்கிணைப்புக் குழுக்கள் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டன. தேர்வு நடக்கும், சம்பளம் போகும். ஐந்து வருடம் கழித்துப் பலன் தரப்போகும் ஒரு முடிவை எடுக்க மட்டும் யாரும் துணிய மாட்டார்கள்.

ஆனால் அன்றாடத் தரம் துணைவேந்தர் கையில் இல்லை, துறைத் தலைவர் கையில் இருக்கிறது. ஹெச்.ஓ.டி.யின் நிலைமை விசித்திரமானது. ஆசிரியரை வேலைக்கு எடுப்பதும் அவர் இல்லை, சம்பளத்தைத் தீர்மானிப்பதும் அவர் இல்லை. தனியார் கல்லூரி என்றால் நிர்வாகம், அரசுக் கல்லூரி என்றால் அரசு. பல பல்கலைக்கழகங்களில் சுழற்சி முறையில் வருகிறவர், இன்றைக்கு அவர் கேள்வி கேட்கிற சக ஊழியர் நாளைக்கு அவருக்கே தலைவர். அதிகாரம் என்று பார்த்தால் அவரிடம் இருப்பது டைம்டேபிளும் நல்ல பேச்சும்தான்.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இரண்டு ஹெச்.ஓ.டி.களைப் பார்த்தேன். முதலாமவர் காலத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு ஆசிரியை தன் பாடத்தின் எண்ணை மூன்றுக்கு 1.1 என்று எழுதிக்கொண்டு வந்தார். ஹெச்.ஓ.டி. திட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார்: "மேல போனா ஏன் எதுக்குன்னு கேப்பாங்கம்மா. 2.2ன்னு போட்டுடு, உனக்கும் நல்லது." அன்றைக்கு அந்தத் துறையில் எல்லோரும் ஒன்றைக் கற்றுக்கொண்டோம். அடுத்த மூன்று செமஸ்டருக்கு எல்லாப் பாடமும் 2.1க்கும் 2.4க்கும் இடையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

அடுத்து வந்தவர் முதல் கூட்டத்தில் தன்னுடைய பாடத்தைத்தான் எடுத்துப் போட்டார். திரையில் 0.9 என்று தெரிந்தது. "நான் நடத்தினது. பதினேழு வருஷமா நடத்துறேன். எங்க தப்புன்னு எனக்கே தெரியலை, தாளைப் பார்த்துச் சொல்லுங்க" என்று விடைத்தாள் கட்டைத் தூக்கி நடுவில் வைத்தார். கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு அந்த 1.1 ஆசிரியைதான் முதலில் ஒரு தாளை எடுத்தார். அந்த செமஸ்டரின் எண்கள் முன்னைவிட மோசமாக இருந்தன, ஏனென்றால் அவை நிஜ எண்கள். தலைமை பற்றி நிறையப் பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அரை மணி நேரத்தில் கற்றதை எதுவும் மிஞ்சவில்லை. மோசமான எண்ணைச் சொன்னவருக்கு அடி விழாது என்கிற தைரியம் துறையில் இருக்கிறதா என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே சோதனை.

கல்லூரி அளவில் இதையெல்லாம் கூட்டிச் சேர்க்க ஐ.க்யூ.ஏ.சி. என்று ஒரு பிரிவு இருக்கும். உள்தர உறுதிப் பிரிவு. நாக் அங்கீகாரத்துக்குப் போகும் கல்லூரி அதை அமைத்திருக்க வேண்டும், ஆண்டுதோறும் அறிக்கை அனுப்ப வேண்டும். நல்ல இடத்தில் அது கல்லூரியின் மனசாட்சி மாதிரி இருக்கும். மற்ற இடங்களில் ஒரு ஒருங்கிணைப்பாளர், ஒரு பிரிண்டர், பதினாறு பீரோ.

பூந்தொட்டிகள்

இந்த எழுத்துத் தரங்களைப் போட நாக் ஏழு அளவுகோல்களில் பார்த்துவந்தது. பாடத்திட்டம், கற்பித்தலும் மதிப்பீடும், ஆராய்ச்சி, உள்கட்டமைப்பு, மாணவர் நலன், ஆளுகையும் தலைமையும், நிறுவன விழுமியங்கள். மொத்தம் 1000 மதிப்பெண். இணைப்புக் கல்லூரிகளுக்கு அதில் 350 கற்பித்தலுக்கு, 100 ஆளுகைக்கும் தலைமைக்கும். எல்லாம் சேர்ந்து நான்குக்கு ஒரு சராசரி வரும். 3.51 அல்லது அதற்கு மேல் என்றால் ஏ++. கல்லூரி முதலில் ஒரு தன்மதிப்பீட்டு அறிக்கை கொடுக்கும், அதில் உள்ள விவரங்களைச் சரிபார்ப்பார்கள், மாணவர்களிடம் கருத்துக் கேட்பார்கள், கடைசியில் சக கல்வியாளர்களின் குழு நேரில் வரும்.

குழு வருவதற்கு முந்தைய வாரம் கல்லூரிக்குப் போயிருக்கிறீர்களா? கல்யாண வீடு தோற்கும். புது பெயின்ட் வாசனை. வாடகைக்கு வந்த பூந்தொட்டிகள். நான்கு வருடக் கூட்டங்களுக்கான மினிட்ஸ் ஒரே இரவில், ஒரே எழுத்துருவில், ஒரே பேனாக் கையெழுத்துகளோடு பிறக்கும். நானும் விடிய விடிய உட்கார்ந்து கையெழுத்து வாங்கியவன்தான், பெருமையாகச் சொல்லவில்லை.

இது சில்லறைக் கோல்மால். பெரியதும் உண்டு. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு புகாரை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் உள்ள 224 கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முழுநேர ஊழியராகக் கணக்கில் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்றது. ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் பெயரை நிரப்பினால் காகிதத்தில் விகிதம் சரியாகிவிடும். வகுப்பறையில் யார் நிற்பார்கள் என்பதைக் காகிதம் கேட்காது. 2025 பிப்ரவரியில் இன்னொரு அதிர்ச்சி. ஆந்திராவில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு ஏ++ தரத்துக்காக லஞ்சம் கைமாறியதாக வழக்குப் பதிந்து, நாக் ஆய்வுக் குழுவின் தலைவர் உள்ளிட்டவர்களை சி.பி.ஐ. கைது செய்தது.

இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு, ஏ++, ஏ+ என்கிற இந்த எழுத்துத் தர முறையையே விட்டுவிட்டு 'அங்கீகாரம் உண்டு' அல்லது 'இல்லை' என்று மட்டும் சொல்லலாம், அதற்கு மேல் போக விரும்புகிறவர்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நிலைகள் வைக்கலாம் என்றது. 2024 ஜனவரியில் நாக் அந்தப் பாதையை அறிவித்தது. பேருந்து முதுகுகளை மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும். ஏ++க்கும் ஏ+க்கும் இடையில் நடந்த ஓட்டப்பந்தயம் குறைந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். விடைத்தாள் கட்டு மேசை நடுவுக்கு வருமா என்பதை மட்டும் எந்த முறையும் வெளியிலிருந்து உறுதி செய்துவிட முடியாது.

மாணவர் கருத்துப் படிவம் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்துக்கு 4.6 என்று ஒரு ஆசிரியருக்கு வந்தால் அவர் நல்லவர் என்று மட்டும்தான் தெரியும், அதுவும் நிச்சயமில்லை. லிங்க்கைத் திறந்து எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டு கேன்டீனுக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். "இந்தப் பாடத்தில் எந்த வகுப்பு புரியாமல் போனது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, பெயர் எழுதாமல் துண்டுத்தாளில் வாங்கினால் அதில் கிடைப்பது ஐம்பது கேள்விப் படிவத்தில் கிடைக்காது.

அண்ணனுக்குச் சொன்னது

அன்றைக்கு நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அதெல்லாம் சரி தம்பி, நான் போய் என்ன கேக்கறது?"

பலகையில் என்.பி.ஏ. என்று இருந்தால், மகள் சேரப்போகும் அதே படிப்புக்குத்தானா என்று கேளுங்கள் என்றேன். மெக்கானிக்கலுக்கு வாங்கியதைக் கல்லூரிக்கே வாங்கியதுபோல் போடுவது உண்டு. எந்த ஆண்டு வரை என்றும் கேளுங்கள். மூன்று வருடத்துக்கும் ஆறு வருடத்துக்கும் கொடுப்பார்கள், காலம் முடிந்த பிறகும் பலகை அப்படியே நிற்கும். என்.பி.ஏ. இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் துறைத் தலைவரைப் பார்க்க ஐந்து நிமிடம் கேளுங்கள். பார்த்தால், பிளேஸ்மென்ட் பற்றி இல்லை, இதை மட்டும் கேளுங்கள்: "போன வருடம் பிள்ளைகளுக்கு எந்தப் பாடம் சரியாக வரவில்லை? அதற்காக நீங்கள் எதை மாற்றினீர்கள்?"

மூன்று கல்லூரிக்குப் போனார். ஒன்றில் ஹெச்.ஓ.டி.யைப் பார்க்க விடவில்லை, அட்மிஷன் ஆபீசரே காபி கொடுத்து அனுப்பிவிட்டார். இன்னொன்றில் "எங்க காலேஜ்ல எல்லா சப்ஜெக்ட்டும் நல்லா வருது சார்" என்று பதில். மூன்றாவதில் அந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லையாம். மேசை டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் புரட்டிவிட்டு, முதல் வருட நிரலாக்கத்தில் பாதிப் பேர் திணறியதாகவும், தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு முதல் மூன்று வாரம் தனியாகச் சாயங்கால வகுப்பு வைத்ததாகவும், அது பாதிதான் பலன் கொடுத்தது என்றும் சொன்னாராம்.

"பாதிதான்னு அந்தம்மாவே சொல்லுது தம்பி" என்று அண்ணன் ஆச்சரியப்பட்டார். மகளை அங்கேதான் சேர்த்தார். அவள் இப்போது நான்காவது செமஸ்டர். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாஸாகிவிட்டாள், கணக்கில் ஒரு அரியர் நிற்கிறது.